தேசேயில் ஒரு வாரம்: பிரசங்கம் இல்லாத ஆராதனை எப்படி இருக்கும்?

பிரான்ஸில் பர்கண்டிப் பகுதியில், க்ளூனிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் தேசே. இங்குள்ள துறவுக் குழுவை நிறுவிய சகோதரர் ரோஜெர் 1940இல் வந்து குடியேறிய இடம். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே துறவுக் குழுவாக இங்கே வாழ்கிறார்கள். தங்கப் போகிறவர்கள் ஞாயிறிலிருந்து ஞாயிறு வரை எடுத்துக்கொள்வது நல்லது. மாக்கோன்-லோஷே ரயில் நிலையத்திலிருந்து பஸ் உண்டு.

வார நாட்களில் காலை 8.15, மதியம் 12.20, இரவு 8.30 என்று மூன்று வேளை செபம். 1962இல் கட்டிய ஆலயத்தில் பெரும்பாலானவர்கள் தரையில்தான் உட்காருவார்கள். முன்னால் ஆரஞ்சு நிறத் துணிகள் கப்பல் பாய் போல விரிந்திருக்கும். கீழே செங்கல் நிறக் கட்டிகளுக்குள் மெழுகுவர்த்திகள். நடுவில் வெள்ளை அங்கியில் சகோதரர்கள். எந்தப் பாட்டு என்று யாரும் அறிவிப்பதில்லை, பலகையில் எண் வரும்.

பாட்டு ஒன்றிரண்டு வரிதான். அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். முதல் இரண்டு சுற்று கண் தாளிலேயே இருக்கும். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு தாள் தேவைப்படாது, மனம் அந்தச் சொல்லில் தங்கிவிடும். பிறகு வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், பல மொழிகளில் சில வேத வசனங்கள், இன்னொரு பாட்டு. உடனே மௌனம், எட்டு, பத்து நிமிடம். தேவ பிரசன்னத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த நிமிடங்கள்தான் முக்கியம். முன்னால் பாடியதெல்லாம் இதற்கான ஆயத்தம்.

நம்மவர்கள் பலர் தடுமாறுவதும் இங்கேதான். டிரம்ஸ் ஏறி, குரல் உயர்ந்து, உச்சத்தில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கும் ஆராதனைக்குப் பழகியவர்கள் மௌனத்தை இடைவேளை என்று நினைத்து அடுத்த பாட்டைத் தேடிப் பக்கம் புரட்டுகிறார்கள். வாசித்த வசனத்திலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனம் ஓடினால் சண்டை போடாமல் அந்தச் சொல்லுக்கே திரும்புங்கள். திங்கட்கிழமை கைகூடாது. புதன் வாக்கில் பழகிவிடும். ஒரு வாரம் தங்கச் சொல்வது இதனால்தான்.

வெள்ளி இரவைத் தவற விடாதீர்கள். சிலுவையைத் தரையில் கிடத்தி வைப்பார்கள். வரிசையாக வந்து முழங்காலிட்டு அதன்மேல் நெற்றியை வைத்துச் செபிக்கலாம். சனி இரவு எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி. இரவுச் செபத்துக்குப் பிறகு மனம்விட்டுப் பேச வேண்டுமானால் சகோதரர்கள் ஆலயத்திலேயே காத்திருப்பார்கள்.

சாப்பாடு எளிமை: காலையில் ரொட்டி, வெண்ணெய், ஒரு சாக்லேட் துண்டு. மதியமும் இரவும் சாப்பிடக் கையில் கிடைக்கும் கருவி ஒரு ஸ்பூன் மட்டும்தான். பாத்திரம் கழுவுவது, கூட்டுவது எல்லாம் வந்தவர்களே. ஸ்லீப்பிங் பேக் கொண்டுபோங்கள். கட்டணம் வயதையும் நாட்டையும் பொறுத்தது. குணமாக்கும் ஜெபம், தீர்க்கதரிசனம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பயணம் முடியாதவர்கள் சபையிலேயே செய்யலாம்: மூன்று பாட்டு, ஒரு சங்கீதம், ஆறேழு வசனம், பத்து நிமிட மௌனம். கடிகாரத்தை ஒருவர் மட்டும் பார்க்கட்டும். நேரமில்லை என்றால் பாட்டைக் குறையுங்கள், மௌனத்தில் கை வைக்காதீர்கள். இரண்டு நிமிடத்தில் இருமல்தான் அடங்கும்.