தொழிற்படை ஆண்டறிக்கை: வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் இணையத்தளத்தில் இலவசமாக வழங்கும் தொழிற்படை (வேலை செய்வோரும் வேலை தேடுவோரும்) ஆண்டறிக்கையை, கிளிநொச்சி, முல்லைத்தீவு இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் பணியில் நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். மாவட்டவாரியான அட்டவணைகள் தெளிவானவை.

ஆயினும், கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணிநேரம் கூலிக்கு உழைத்தவரும் தொழில் உள்ளவராகவே எண்ணப்படுவதால், ஒரு நாள் கச்சான் பிடுங்கிக் கூலி பெற்று, மீதி ஆறு நாளும் வேலைக்குக் காத்திருக்கும் பெண்ணை வேலையின்மை வீதத்தில் காண முடியாது. அவரைத் தேட வேண்டிய இடம், மேலும் உழைக்கத் தயாராக இருந்தும் போதிய மணிநேர வேலை கிடைக்காதவர்களைக் காட்டும் குறைதொழில் அட்டவணை. அதை முன்பக்கத்திலேயே இட்டிருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

இதே திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பின்படி, நாடளவில் 14.3 சதவீதமாக இருந்த வறுமை முல்லைத்தீவில் 44.5 சதவீதமாக இருந்தது. ஆகவே, கூலி உழைப்பை ஆராய்வோர் இரண்டு அறிக்கைகளையும் சேர்த்தே தரவிறக்குவது நல்லது.