காஸ்ப், கோரெக், ஜேபிஐ: எடை குறைப்பு ஆபரேஷன் பேட்டி ஆய்வ எடைபோட எந்த தராசு?

எங்க ஜர்னல் கிளப்புல, அதாவது ஆய்வுப் பேப்பர ஒண்ணா உக்காந்து அலசற கூட்டத்துல, இந்த தடவ என் முறை, தலைப்பு எடை குறைப்பு ஆபரேஷனும் பேஷன்ட் எம்பவர்மென்ட்டும் (பேஷன்ட் கைக்கு அதிகாரம் வர்றது), குவாலிடேட்டிவ் ஆய்வு, அதாவது நம்பர வச்சு இல்லாம ஆளுங்க சொன்னத, செஞ்சத வச்சு பண்ற ஆய்வு ஒண்ண எடுத்து அலசிக் காட்டணும். பேப்பர் தேடறது பெரிய வேலையா இல்ல, அத எந்த செக்லிஸ்ட் வச்சு அலசறதுங்கறதுலதான் ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. காஸ்ப் போதும்னு ஒருத்தங்க, கோரெக் இல்லாம ஜர்னல்காரனே எடுக்க மாட்டான்னு இன்னொருத்தங்க, ஜேபிஐதான் ஒசத்தின்னு மூணாவதா ஒருத்தங்க. சரி, மூணையும் ஒரே பேப்பர் மேல போட்டு பாத்துடலாம்னு உக்காந்தேன்.

பேப்பர் எதுன்னு சொல்லிடறேன். 2006ல பிரிட்டன்ல ஜேன் ஆக்டனும் கூட ரெண்டு பேரும் எழுதினது, ஆபரேஷன் முடிஞ்சு 4 மாசத்துலேர்ந்து 33 மாசம் வரைக்கும் ஆன 15 பேர்கிட்ட பேட்டி, அலசினது ஐபிஏ முறையில, அதாவது ஒவ்வொருத்தரும் தனக்கு நடந்ததுக்கு என்ன அர்த்தம் குடுத்துக்கறாங்கன்னு ஆள் ஆளா நோண்டிப் பாக்கற முறை. எம்பவர்மென்ட்ங்கற வார்த்தைய விட அதுல கன்ட்ரோல்ங்கற வார்த்தைதான் நடுவுல நிக்குது, ஆனா விஷயம் அதேதான். அவங்க கண்டுபிடிச்சது கொஞ்சம் விசித்திரம்: வயித்த சின்னதாக்கி, சாப்பிடற சாய்ஸையே பிடுங்கிட்ட அப்புறம்தான் சில பேருக்கு கன்ட்ரோல் தன் கைக்கே திரும்பி வந்த மாதிரி இருக்காம். வீட்டு சாவிய இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு, இப்பதான் வீடு என்னோடதாச்சுன்னு சொல்ற மாதிரி. இத நம்பலாமா, எவ்வளவு தூரம் நம்பலாம், அதுக்குத்தான் தராசு.

முதல்ல காஸ்ப். ஆக்ஸ்ஃபோர்டுல 1993ல ஆரம்பிச்ச ஒரு பயிற்சித் திட்டத்துலேர்ந்து வந்தது, பத்து கேள்வி, ஆமா, இல்ல, சொல்ல முடியலன்னு மூணு பதில். நோக்கம் தெளிவா இருக்கா, இந்த கேள்விக்கு குவாலிடேட்டிவ் முறை பொருந்துமா, ஆள் சேத்தது சரியா, டேட்டா எடுத்தது சரியா, பேட்டி எடுத்தவருக்கும் குடுத்தவருக்கும் என்ன உறவு, எதிக்ஸ், அலசல், கடைசியா இந்த ஆய்வால என்ன பிரயோஜனம். புதுசா வர்ற பசங்களுக்கு இத விட சுலபமானது கிடையாது, ஒவ்வொரு கேள்விக்கும் கீழ குறிப்பும் குடுத்திருப்பாங்க, படிச்சுக்கிட்டே போனா பேப்பர் தானா பிரிஞ்சு வரும்.

ஆக்டன் பேப்பர் மேல காஸ்ப் நல்லா வேலை செஞ்ச இடம் நாலாவது கேள்வி, ஆள் சேத்த விதம். 4 மாசம், 33 மாசம், இது ரெண்டும் ஒரே ஆபரேஷனோட ரெண்டு வேற உலகம். ஸ்லீவ்ங்கற வகைல வயித்துல முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துடறாங்க, பைபாஸ்ங்கற வகைல சின்ன பை ஒண்ணு செஞ்சு குடலோட நேரா சேத்துடறாங்க, எதுவா இருந்தாலும் முதல் வருஷம் எடை சரசரன்னு இறங்கும், ஒண்ணுலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள நின்னுடும், அதுக்கப்புறம் பல பேருக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏற ஆரம்பிக்கும். நாலாவது மாசத்துல இருக்கறவங்கள கேட்டா புதுக் கல்யாண ஜோடிய கேட்ட மாதிரி, முடி கொட்டறத தவிர எல்லாமே சொர்க்கம்தான். 33வது மாசத்துல பழைய ஜீன்ஸ் மறுபடி இறுகும்போது கேட்டா வேற கதை வரும். ரெண்டு கூட்டத்தோட பேச்சையும் ஒரே தீம்ல (பேட்டிகள்ல திரும்பத் திரும்ப வர்ற கருத்துக்கு குடுக்கற தலைப்பு) போட்டிருக்காங்களா, பிரிச்சு காட்டியிருக்காங்களான்னு பாக்க வைக்கிறது காஸ்ப். ஜேபிஐல பாருங்க, ஆள் சேத்தத பத்தி தனியா ஒரு கேள்வியே கிடையாது, அது எனக்கு பெரிய ஏமாற்றம்.

காஸ்ப்ல கடுப்பு என்னன்னா நம்ம ஆளுங்க அத எக்ஸாம் பேப்பரா மாத்திட்டாங்க. பத்துக்கு எட்டு, தரமான ஆய்வுன்னு ஸ்லைடுல போட்டுட்டு போயிடறாங்க. ஆள் சேத்ததுல கோட்டை விட்டதும் ஒரு மார்க், எதிக்ஸ் நம்பர் எழுத மறந்ததும் ஒரு மார்க்கா?

அடுத்து கோரெக். 2007ல அலிசன் டாங்கும் ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுலேர்ந்து போட்டது, பேட்டிக்கும் ஃபோகஸ் குரூப்புக்கும்னே (பல பேர ஒண்ணா உக்கார வச்சு பேச வைக்கறது) செஞ்ச 32 அயிட்டம் லிஸ்ட். இது தராசே இல்லைங்க, இத முதல்ல சொல்லிடணும், ஏன்னா இங்க பாதி பேர் தப்பு பண்றது இந்த இடத்துலதான். கோரெக் கேக்கறது நீ வேலைய ஒழுங்கா செஞ்சியான்னு இல்ல, செஞ்சத எழுதினியான்னுதான். கேவலமா ஒரு பேட்டி எடுத்துட்டு, கேவலமாத்தான் எடுத்தேன்னு விவரமா எழுதினாலும் 32க்கு 32 வாங்கலாம். அதுவும் போக 2006ல வந்த பேப்பர 2007ல வந்த லிஸ்ட் வச்சு இது இல்ல அது இல்லன்னு சொல்றது, நேத்து வந்த ஹெல்மெட் சட்டத்துக்கு போன வருஷம் ஃபைன் போடற மாதிரி.

ஆனாலும் எடை குறைப்பு ஆபரேஷன் பேப்பர கையில எடுத்தா கோரெக்கோட நாலஞ்சு அயிட்டத்த நான் விடவே மாட்டேன். முதல் எட்டு அயிட்டமும் பேட்டி எடுத்தவர பத்தினது: யாரு, என்ன படிச்சவர், என்ன வேலை, ஆணா பெண்ணா, பேஷன்டுக்கு அவர முன்னாடியே தெரியுமா. ஆபரேஷன் பண்ண டீம்லயே இருக்கற நர்ஸ் கேட்டா எவ்வளவு தூரம் மனசு விட்டு சொல்லுவாங்க? வாழ்நாள் முழுக்க பி12, அயர்ன், கால்சியம்னு ஃபாலோ அப்புக்கு அதே கதவுக்குத்தான் வரணும், அந்த கதவுகிட்டயே நின்னுக்கிட்டு உங்க ஆபரேஷனால என் வாழ்க்கை நாசமா போச்சுன்னு யாரு சொல்லுவா. 13வது அயிட்டம், எத்தன பேர் வரமாட்டேன்னாங்க, ஏன். எடை திரும்ப ஏறினவங்கதான் வெக்கப்பட்டு கிளினிக் பக்கமே வராம இருப்பாங்க, அவங்க இல்லாத ஆய்வுல எல்லாரும் எம்பவர் ஆனவங்களாத்தான் தெரிவாங்க. 15வது அயிட்டம் எனக்கு ரொம்ப பிடிச்சது: பேட்டி நடக்கும்போது பக்கத்துல வேற யாராவது இருந்தாங்களா.

இத படிச்சப்போ எனக்கு எங்க ஓபிதான் ஞாபகம் வந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆன ஒரு அம்மா, எப்படிம்மா இருக்கீங்கன்னு நான் கேட்டா பதில் வர்றது வீட்டுக்காரர்கிட்டேர்ந்து, "சூப்பரா இருக்கா சிஸ்டர், இப்ப மாடிப்படி எல்லாம் ஏறுறா". அந்தம்மா சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டறாங்க. அவர் பில் கட்ட கீழ போனதும் மெதுவா சொன்னாங்க, "சிஸ்டர், விசேஷ வீட்டுக்கு போகவே பயமா இருக்கு, ரெண்டு வாய்க்கு மேல இறங்கல, ஸ்வீட் தொட்டா படபடன்னு வேர்த்து கொட்டுது, இலைய மூடினா ஏன் சாப்பிடலன்னு நாலு பேர் கேக்கறாங்க, எத்தன பேருக்கு கதை சொல்றது". அஞ்சு நிமிஷ இடைவெளி, ரெண்டு வேற டேட்டா. அந்த நாற்காலில யார் உக்காந்திருந்தாங்கன்னு காஸ்ப் கேக்காது, ஜேபிஐயும் கேக்காது, கோரெக் மட்டும்தான் கேக்குது.

கோரெக்ல எனக்கு ஒத்து வராதது 22வது அயிட்டம், சாச்சுரேஷன். புதுசா எதுவும் வராத வரைக்கும் பேட்டி எடுத்தீங்களாங்கறது. ஐபிஏ மாதிரி ஒரு முறைல ஒவ்வொரு ஆளும் ஒரு உலகம்னு வச்சு பாக்கறாங்க, அங்க போய் இனிமே புதுசா ஒண்ணும் வராதுன்னு யார் சொல்றது. பிரானும் கிளார்க்கும்னு ரெண்டு ஆய்வாளருங்க 2021ல இதப் பத்தியே எழுதியிருக்காங்க, அவங்க தீமாட்டிக் அனாலிசிஸ் வகைக்கே, அதாவது பேட்டிகள தீம் தீமா பிரிச்சு அலசற முறைக்கே, சாச்சுரேஷன் சரிவராதுன்னு. ஆனா நம்ம ஊர்ல தீசிஸ் எழுதற பசங்க "12 பேட்டில சாச்சுரேஷன் வந்துச்சு"ன்னு மனப்பாடமா எழுதறாங்க. அந்த 12 எங்கேர்ந்து வந்துச்சுன்னா 2006ல கெஸ்ட்டும் ரெண்டு பேரும் கானாவுலயும் நைஜீரியாவுலயும் எடுத்த 60 பேட்டிய வச்சு, எங்களுக்கு 12லயே பெரும்பாலும் வந்துடுச்சுன்னு சொன்னது. அது எல்லா ஆய்வுக்கும் சட்டம் ஆயிடுச்சு.

மூணாவது ஜேபிஐ, அடிலெய்டுலேர்ந்து வர்றது, இதுவும் பத்து கேள்விதான் ஆனா குணமே வேற. முதல் அஞ்சு கேள்வியும் ஒரே விஷயத்த சுத்தி சுத்தி கேக்கும்: நீ சொன்ன தத்துவமும் உன் முறையும் ஒத்துப்போகுதா, முறையும் கேள்வியும் ஒத்துப்போகுதா, முறையும் டேட்டா எடுத்ததும், முறையும் அலசலும், முறையும் நீ குடுத்த விளக்கமும். மாமியார் மாதிரி நச்சரிக்கும். புதுசா வர்றவங்களுக்கு இத குடுத்தா ஓடிடுவாங்க. ஆனா பேட்டி எடுத்துட்டு தீம்னு நாலு தலைப்பு போட்டுட்டா அதுக்கு பேர் ஃபினாமினாலஜின்னு (ஒருத்தர் அனுபவத்த அவர் வாழ்ந்த விதமாவே புரிஞ்சுக்கற முறை) நினைக்கறவங்கள பிடிச்சு நிறுத்தறது இதுதான்.

அதுக்கு அப்புறம் வர்ற மூணு கேள்விக்காகத்தான் எம்பவர்மென்ட் தலைப்புக்கு நான் ஜேபிஐ பக்கம் சாயறேன். ஆய்வாளர் எந்த கலாச்சாரத்துல, எந்த கோட்பாட்டுல நின்னு பேசறார்னு சொல்லியிருக்காரா, அவரால ஆய்வும் ஆய்வால அவரும் எப்படி மாறினாங்கன்னு பாத்திருக்காரா, பேசினவங்க குரல் பேப்பர்ல சரியா கேக்குதா. எம்பவர்மென்ட்னா அதிகாரம் யார்கிட்ட இருக்குங்கற கேள்விதானே, அப்ப அந்த ஆய்வுலயே அதிகாரம் யார் கையில இருந்துச்சுன்னு கேக்காம எப்படி. காஸ்ப்ல இதுக்கு ஒரே ஒரு கேள்விதான், ஆறாவது.

ஆனா மூணும் சேந்து கோட்டை விடற ஒரு இடம் இருக்கு. எம்பவர்மென்ட்னா என்னன்னு யார் முடிவு பண்ணினாங்கன்னு ஒரு லிஸ்டும் நேரா கேக்கல. மிச்சிகன்ல ஆண்டர்சனும் ஃபனலும் 1990கள்ல சர்க்கரை நோய்க்கு இந்த வார்த்தைய கொண்டு வந்தப்போ அர்த்தம் வேற: தினமும் நோயோட வாழறவன் பேஷன்ட், அதனால முடிவும் அவனோடது, நாம தகவலும் துணையும் குடுக்கணும், அவ்வளவுதான். இப்ப ஆக்டன் பேப்பர்ல இருக்கறது கிட்டத்தட்ட அதுக்கு தலைகீழ், முடிவெடுக்கற சுமைய வயித்துக்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருக்கறது. அது எம்பவர்மென்ட்டா இல்ல நல்லா வேலை செய்யற ஒரு கடிவாளமா? 20 கிலோ குறைஞ்சத எம்பவர்மென்ட்னு எழுதற பேப்பருங்களும் இருக்கு, அதெல்லாம் காஸ்ப்ல சுலபமா ஆமா ஆமான்னு டிக் வாங்கி போயிடும். அதனால செக்லிஸ்ட்டுக்கு வெளிய என் கையால பதினோராவது கேள்வி ஒண்ணு எழுதி வச்சுக்கிட்டேன்: இந்த வார்த்தைய பேஷன்ட் சொன்னாங்களா, எழுதினவங்க போட்டாங்களா.

ஜர்னல் கிளப்புல ஜூனியர் பொண்ணு ஒருத்தி கேட்டா, "அக்கா, 15 பேர வச்சு என்னக்கா சொல்ல முடியும்?" அவளுக்கு நான் நார்வே பேப்பர காட்டினேன், க்ரோவனும் கூட இருந்தவங்களும் 2010ல போட்டது, அஞ்சே அஞ்சு பொம்பளைங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் தீராத பிரச்சனையோட வாழறவங்க, பேப்பரோட தலைப்புலயே முன்ன இருந்தத விட இப்ப என் வாழ்க்கை மோசம்னு வருது. அந்த அஞ்சு பேர் பேசலன்னா வேற எந்த கணக்குலயும் அவங்க வந்திருக்க மாட்டாங்க. எண்ணிக்கை பத்தி சண்டை போடறதுக்கு மால்டருட்னு ஒரு ஆய்வாளர் 2016ல சொன்ன இன்ஃபர்மேஷன் பவர்ங்கற யோசனை மேல்: நோக்கம் குறுகலா இருந்து, பேச்சு ஆழமா இருந்தா கம்மி ஆளே போதும். இத மூணு லிஸ்ட்ல எதுவும் கேக்கறது இல்ல.

சரி, எத எடுக்கறது? முதல் தடவ பண்றவங்கன்னா காஸ்ப் எடுங்க, யோசிக்கவே வேணாம். தொகுப்பு ஆய்வு பண்ணி, பத்திருபது பேப்பர ஒண்ணோட ஒண்ணு வச்சு பாக்கப் போறீங்க, அதுவும் எம்பவர்மென்ட் மாதிரி வழுக்கற வார்த்தைன்னா ஜேபிஐ, கூட காஸ்ப்போட நாலாவது கேள்விய இரவல் வாங்கிக்கோங்க. நீங்களே பேட்டி எடுத்து எழுதப் போறீங்கன்னா கோரெக், ஆனா எழுதி முடிச்சப்புறம் இல்ல, பேட்டிக்கு போறதுக்கு முன்னாடியே, பக்கத்து நாற்காலில யார் இருந்தாங்கன்னு நோட்டுல அப்பவே எழுதலன்னா ஆறு மாசம் கழிச்சு ஞாபகம் வராது. எஸ்ஆர்கியூஆர்னு 2014ல வந்த 21 அயிட்டம் ஒண்ணும் இருக்கு, பேட்டி இல்லாத குவாலிடேட்டிவ் ஆய்வுக்கும் பொருந்தும், ஆனா அதுவும் எழுதறதுக்கான லிஸ்ட்தான்.

நான் கடைசில ஜேபிஐ டேபிள் போட்டு, ஓரத்துல காஸ்ப் நாலும் கோரெக் 13, 15ம் ஒட்டி, கீழ என் பதினோராவது கேள்வியையும் போட்டு காட்டினேன். மொத்த மார்க் கட்டம் மட்டும் காலி. மேடம் கண்ணாடிய இறக்கி விட்டு, "ஸ்கோர் எங்கம்மா?"ன்னாங்க. காஸ்ப் ஃபார்ம்ல அவங்களே ஸ்கோர் போட சொல்லலன்னு எழுதியிருக்கற முதல் பக்கத்த எடுத்து நீட்டினேன்.