கடைசி பெனால்டி வரை நிற்க வேண்டும்: கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்கு ரயிலா, பஸ்ஸா, பைக்கா?

கோப்பைக்கான கால்பந்து ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். எத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் போட முடியாது. 7 மணிக்கு விசில் அடித்தால், இரண்டு பாதியும் இடைவேளையும் சேர்ந்து 9 மணிவாக்கில் ஆட்டம் ஓயும். சமநிலை என்றால் இன்னும் 30 நிமிடம். அதிலும் தீரவில்லை என்றால் பெனால்டி. மணி பத்தை நெருங்கிவிடும். நம் பக்கத்து டோர்னமெண்டுகளில் கூடுதல் நேரம் வைக்காமல் நேரே டைபிரேக்கருக்கு, அதாவது பெனால்டிக்கு, போவதும் உண்டு. ஆனால் அங்கே சிறப்பு விருந்தினர் வந்து எல்லா வீரர்களுக்கும் கை கொடுத்த பிறகுதான் பந்து உருளும். அதனால் எதில் போவது என்ற கேள்விக்கு, எப்படித் திரும்புவது என்பதில்தான் விடை இருக்கிறது.

ஒரு அரையிறுதி. எங்கள் ஊர் அணி 0-1 என்று பின்தங்கியிருந்தது. ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று 80ஆம் நிமிடத்தில் எழுந்துவிட்டேன். பிளாட்பாரத்தில் நிற்கும்போது நண்பன் போன் செய்தான். பின்னால் ஒரே கூச்சல். கடைசி நிமிடத்தில் கோல் விழுந்து, டைபிரேக்கரில் நம் கோல்கீப்பர் இரண்டு பந்தைத் தடுத்து, ஜெயித்தே விட்டார்கள். அந்த இரண்டு தடுப்புகளையும் நான் பார்க்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டாவில், எஃப்.சி. கோவாவும் சென்னையின் எஃப்.சி.யும் மோதிய ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னுக்குப் போனது. 90ஆம் நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டே பந்து உள்ளே போனது, 2-2. 90 நிமிடத்துக்கு மேல் கொடுக்கும் இஞ்சுரி டைமில் சென்னையின் மெண்டோசா கோல் அடித்தார். சென்னையின் எஃப்.சி. 3-2. அன்று 88ஆம் நிமிடத்தில் வெளியே நடந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

போகும்போது ரயிலை அடிக்க ஆளில்லை. எக்ஸ்பிரஸ் என்றால் முக்கால் மணி நேரம். மதியத்துக்கு மேல் மயிலாடுதுறையிலிருந்து கோவைக்குப் போகும் ஜன் சதாப்தி இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டால் உட்கார்ந்து போகலாம். பாசஞ்சர் கிடைத்தால் எனக்கு அதுவே பிடிக்கும். சுந்தரப்பெருமாள் கோவில், பாபநாசம், பண்டாரவாடை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பூட்ஸ் பையோடு நாலு பையன்கள் ஏறுவார்கள். தஞ்சாவூர் வருவதற்குள் இரண்டு அணிகளைப் பற்றியும் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும்.

திரும்பும்போது நிலைமை வேறு. இரவில் எழும்பூருக்குக் கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணம் வழியாகத்தான் போகிறது. ஆனால் டைபிரேக்கர் முடியட்டும் என்று அது காத்திருக்காது. திரும்பும் டிக்கெட்டை மாலையிலேயே எடுத்து வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லா டிக்கெட்டில், எடுத்த 3 மணி நேரத்துக்குள் அல்லது அந்த ஊருக்கான அடுத்த ரயிலில் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். கையில் டிக்கெட் இல்லை, கண் கடிகாரத்தில். இப்படி உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது வேதனை.

பைக்தான் சுதந்திரம் என்பார்கள் இளைஞர்கள். 40 கிலோமீட்டர்தான், ஒரு டாங்க் பெட்ரோலே அதிகம். கோப்பை கொடுத்து, கேப்டனைத் தோளில் தூக்கி ஆடும் வரைக்கும் நின்றுவிட்டுக் கிளம்பலாம். பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவதாக இருந்தால் நானும் பைக்கைத்தான் சொல்வேன். இரவில் இந்த டெல்டா ரோடு எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அறுவடை நாளில் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும். குவியலைச் சுற்றிக் கருங்கல்லை வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் தெரியாது. கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்விளக்கு இருக்காது. மாடுகள் நடு ரோட்டில் படுத்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் வயலிலிருந்து எழும் பனி ஹெட்லைட்டை அப்படியே விழுங்கிவிடும். நெல்லைக் காயப்போடுகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் களம் இல்லை. ஆனால் மூன்று மணி நேரம் கத்திக் களைத்தவன், பின்னால் ஒருவனை ஏற்றிக்கொண்டு அந்த வழியில் வரக்கூடாது. ஹெல்மெட் இருவருக்கும் இருந்தாலும் சரி.

கார் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்து பேர் சேர்ந்தால் செலவு தாங்கும். ஐந்தில் ஒருவர் நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்றால் ஐவரும் கிளம்ப வேண்டியதுதான்.

பஸ்ஸைத்தான் எல்லோரும் குறைவாக எடை போடுகிறார்கள். ஐயம்பேட்டை, பாபநாசம் என்று நின்று நின்று ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம் ஆகும். மாலையில் போகும்போது கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் இரவில் திருச்சியிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் போகும் வண்டிகள் தஞ்சை வழியாக வந்துகொண்டே இருக்கும். பத்துக்கு மேல் இடைவெளி கூடும், அவ்வளவுதான். ஒன்று போனால் அடுத்ததுக்கு ஒரு டீ குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். வழியில் கையைக் காட்டி ஏறினால் நின்றபடி வர வேண்டியிருக்கும். புதிய பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டால் உட்கார இடம் கிடைக்கும். என் தங்கை ஆட்டத்துக்கு வரும் நாட்களில் நான் வேறு எதையும் யோசிப்பதே இல்லை. விளக்கு எரியும் வண்டி, கண்டக்டர், பாபநாசத்தில் இறங்கும் குடும்பங்கள்.

ஆகவே நான் ரயிலில் போகிறேன், பஸ்ஸில் வருகிறேன். மயிலாடுதுறை ராஜன் தோட்டம் மைதானத்தில் ஆட்டம் என்றாலும் இதே கணக்குதான், தூரம் மட்டும் சற்றுக் குறையும்.

வரப்போகும் இறுதிப் போட்டிக்கு மட்டும் கார் பேசியிருக்கிறேன். அப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், கோப்பையைக் கொடுத்து முடித்த பிறகுதான் கிளம்புவோம் என்று.