4 ஜிபி ராமில் லினக்ஸ்: இசட்ராமா, இசட்ஸ்வாப்பா?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிந்தது. இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி டிடிஆர்3 ராம், பழைய ஹார்டு டிஸ்க் என்று ஓடும் மெஷினை விண்டோஸ் 11 ஏற்காது. சென்னை டி.எச். ரோட்டில் இப்படி இரண்டு மெஷினை வைத்து ஜெராக்ஸ் கடை நடத்துபவருக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுவதுதான் செலவில்லாத வழி. ஆனால் ஜூன் மாதம் சாதிச் சான்று, வருமானச் சான்று கூட்டம் வந்து, குரோமில் பத்து டேப், லிப்ரே ஆபீஸ், ஸ்கேனர் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் மெஷின் திணறும்.

இலகுவான டெஸ்க்டாப், தேவையில்லாத ஸ்டார்ட்டப் புரோகிராம்களை நிறுத்துவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்வதில் இந்த வேலைக்கு லாபமில்லை. மதர்போர்டில் ஸ்லாட் காலியாக இருந்தால் முதலில் ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொரு 4 ஜிபி வாங்குங்கள்; எந்த ட்யூனிங்கும் அதற்கு ஈடில்லை. இன்னொன்று: ராம் அளவைக் காட்டும் ஃப்ரீ கமாண்ட் 3.7 ஜிபிக்குப் பதில் 1.8 காட்டினால், இரண்டு ராமில் ஒன்று வேலை செய்யவில்லை. காசிமேட்டு உப்புக் காற்றில் காண்டாக்ட் கறுத்துப் போயிருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டிவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

இனி தலைப்புக்கு வருவோம். இசட்ராம், இசட்ஸ்வாப் இரண்டும் செய்வது ஒரே வேலை: ராமில் சும்மா கிடக்கும் பக்கங்களை (நினைவகத்தின் சின்னத் துண்டுகளை) சுருக்கி வைப்பது. இசட்ராம் ராமுக்குள்ளேயே ஒரு பொய் டிஸ்க்கை உருவாக்கி அதையே ஸ்வாப்பாக, அதாவது ராம் போதாதபோது பக்கங்களைத் தள்ளி வைக்கும் இடமாக, காட்டும். இசட்ஸ்வாப்புக்குப் பின்னால் நிஜமான ஸ்வாப் ஃபைல் வேண்டும். அதன் வாசலில் நின்று சுருக்கும், சுருக்கியவை ராமில் 20 சதவீதத்தைப் பிடித்ததும் பழையதை டிஸ்க்குக்குத் தள்ளும். கோட்பாட்டில் இசட்ஸ்வாப்தான் புத்திசாலி. நடைமுறையில் நம் ஓட்டு இசட்ராமுக்கு.

முதல் காரணம் டிஸ்க். 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் படித்தால் நொடிக்கு ஏறக்குறைய நூறுதான் தேறும். சுருக்கியதை ராமிலிருந்து விரிப்பது மைக்ரோ நொடிக் கணக்கு. இசட்ஸ்வாப் டிஸ்க்குக்குத் தள்ள ஆரம்பித்த நிமிடம் மவுஸ் உறையும்.

இரண்டாவது பராமரிப்பு, முடிவைத் தீர்மானிப்பதும் இதுதான். இசட்ஸ்வாப்பை இயக்க, பூட் அமைப்புகள் இருக்கும் கிரப் ஃபைலில் கெர்னல் வரியைத் திருத்தி அப்டேட்-கிரப் ஓட்ட வேண்டும். கேட்ட கம்ப்ரஸர் (சுருக்கும் முறை) மாட்யூல், பூட் நேரத்தில் முதலில் ஏறும் ஃபைல் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இல்லையென்றால், அது சத்தமில்லாமல் வேறொரு கம்ப்ரஸருக்கு இறங்கிவிடும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். பழைய குறிப்புகளைப் பார்த்து, சுருக்கியதை அடுக்கி வைக்கும் முறைக்கு இசட்3ஃபோல்ட் என்று எழுதியவர்களுக்கு இன்னொரு கண்ணி: புதிய கெர்னல்களில் அதையே நீக்கிவிட்டார்கள். இவ்வளவு நடந்தாலும் ஸ்வாப் பட்டியலைக் காட்டும் ஸ்வாப்பான் கமாண்டில் அதே ஸ்வாப் ஃபைல் அப்படியே நிற்கும். 5.19 கெர்னலிலிருந்து, நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவில் இசட்ஸ்வாப்புக்கு இரண்டு வரி உண்டு. கவுண்டரில் நிற்கும் பையன் அதைத் தேடிப் பார்க்கப்போவதில்லை. இசட்ராம் கெட்டால் ஸ்வாப் பட்டியலில் அதன் பெயரே இருக்காது. போனில் கேட்டாலே சொல்லிவிடுவான், "அண்ணே, இங்க ஒண்ணுமே காட்டல" என்று. செட் செய்தவர் பக்கத்தில் இல்லாத கடைக்கு இந்த வித்தியாசம் பெரிது.

செய்முறை சின்னது. இசட்ராம்-டூல்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, ஈடிசிக்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் இருக்கும் இசட்ராம்ஸ்வாப் ஃபைலைத் திறங்கள். அல்கோ, பெர்சென்ட் இரண்டு வரிகளுக்கும் முன்னால் ஹேஷ் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்; அதை மறந்துவிட்டு "மாத்தினேன், மாறல" என்பவர்கள்தான் அதிகம். அல்கோ என்பது சுருக்கும் முறை: ஐ3-க்கு இசட்எஸ்டிடி, கோர் 2 டூயோ மாதிரி கிழட்டு சிப்புக்கு எல்இசட்4. பெர்சென்ட் 50. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் 1.9 ஜிபி ஸ்வாப், பிரையாரிட்டி 100 என்று தெரியும். அந்த 1.9 ஜிபி உடனே ராமிலிருந்து போய்விடாது. மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால், முழுக்க நிறைந்தாலும் பிடிப்பது சுமார் 650 எம்பி. இசட்ராம்சிடிஎல் கமாண்டில் டேட்டா, காம்ப்ர் இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டால் நிஜ விகிதம் கிடைக்கும்.

அடுத்து கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கன்ட்ரோல் ஃபைலில் இரண்டு எண்கள். ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் 60 என்று இருப்பதை 150 ஆக்குங்கள் (100-க்கு மேல் வைக்க 5.8 கெர்னலாவது வேண்டும்). பேஜ்-கிளஸ்டர் 3 என்று இருப்பதை 0 ஆக்குங்கள். 3 என்றால் ஒரு பக்கம் கேட்டதற்கு எட்டுப் பக்கமாக அள்ளி வரும். ஊசி நகரும் டிஸ்க்குக்கு அது சரி. இங்கே கேட்காத ஏழையும் விரிப்பது வீண்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, இசட்ஸ்வாப் ஏற்கெனவே ஆனில் இருந்தால் இசட்ராமுக்குப் போவதை வழியிலேயே மடக்கும், அணைத்துவிடுங்கள். இரண்டு, மின்ட் போடும்போது உருவான பழைய ஸ்வாப் ஃபைல். அதை விட்டுவைத்தால் காலையில் திறந்து மறந்த டேப் எல்லாம் இசட்ராமை அடைத்துக்கொள்ளும், இப்போது தேவைப்படுவது டிஸ்க்குக்குப் போகும். பூட்டில் எந்த டிஸ்க், ஸ்வாப்பை இணைப்பது என்று பட்டியலிடும் எஃப்ஸ்டேப் ஃபைலில் அந்த வரிக்கு ஹேஷ் போட்டு, ஸ்வாப்பாஃப் செய்யுங்கள். கூடவே எர்லிஊம் போடுங்கள். ராமும் ஸ்வாப்பும் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழ் போனால் பெரிய புரோகிராமை மூடிவிடும். பெரும்பாலும் ஒரு குரோம் டேப் போகும், மெஷின் பிழைக்கும்.

இசட்ஸ்வாப் ஜெயிக்கும் இடமும் உண்டு. கிம்ப்பில் பாஸ்போர்ட் போட்டோ, பேனர் டிசைன் வேலையே முழுநேரமாக இருக்கும் கடையில், புகைப்படத்தின் பிக்ஸல்கள் அதிகம் சுருங்காது. சுருங்காததை ராமிலேயே அடைத்து வைப்பது நஷ்டம். அங்கே சாட்டா எஸ்எஸ்டி இருந்தால் 4 ஜிபி ஸ்வாப் ஃபைலும் இசட்ஸ்வாப்பும் பொருத்தம் என்று தோன்றுகிறது. நீண்ட நாள் ஓட்டிப் பார்த்து அடித்துச் சொல்வதல்ல. ஹைபர்னேட் வேண்டும் என்றாலும் டிஸ்க்கில் ஸ்வாப் இருந்தாக வேண்டும். கரண்ட் போனால் யூபிஎஸ் ஐந்து நிமிடம் தாங்கும், அதற்குள் ஷட்டவுன் செய்துவிடலாம் என்று ஓடும் கடைக்கு அது தேவைப்படாது.