குன்னூர் தோல் மருத்துவமனை: அம்மாவின் சொரியாசிஸை அளந்து பார்த்த இடம்

கோத்தகிரிப் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு முழங்கைகளிலும் முழங்காலுக்குக் கீழும் சொரியாசிஸ் இருக்கிறது. பனிக்காலத்தில் தோல் வறண்டு, செதில் உதிர்வதும் வெடிப்பும் கூடிவிடும். முன்பு காட்டிய இடங்களில் "பரவாயில்லை, குறைந்திருக்கிறது" என்றே சொல்லி அனுப்பினார்கள். எதைவிடக் குறைந்திருக்கிறது என்பதற்கு எந்தச் சீட்டிலும் பதில் இல்லை. குன்னூர் பெட்போர்டு பகுதியிலுள்ள இந்தச் சிறிய மருத்துவமனையில்தான் முதன்முறையாக நோயை அளந்து எழுதினார்கள்.

அவர்கள் பயன்படுத்துவது மருந்து ஆய்வுகளில் வழங்கும் பி.ஏ.எஸ்.ஐ. என்ற அளவீடு. 1978இல் சுவீடனில் உருவான இம்முறையில், தலை, கை, நடுவுடல், கால் என்று உடலை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, செதில் ஆகியவற்றுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, பாதித்த பரப்பையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்; உச்ச அளவு 72. அம்மாவுக்கு 7.8 வந்தது. நம் நிறத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மங்கிவிடும் என்பதால், மருத்துவர் நோய் கண்ட தோலை அருகிலுள்ள நல்ல தோலோடு ஒப்பிட்டுப் பார்த்தே மதிப்பெண் இட்டார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் 7.8 என்பது அம்மா படும் பாட்டைச் சொல்லவில்லை. அதற்காகவே டி.எல்.கியூ.ஐ. என்னும், 1994இல் வெளிவந்த பத்துக் கேள்விப் படிவத்தைத் தமிழில் தந்தார்கள். கடந்த ஒரு வாரத்தில் அரிப்பு, கூச்சம், வீட்டு வேலை, உடை என நோய் எதையெல்லாம் பாதித்தது என்று கேட்கும் படிவம் அது, 30க்கு மதிப்பெண். அம்மாவுக்குப் பதிலாக நான் பேசத் தொடங்கியதும் செவிலியர், "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா, அவங்களே சொல்லட்டும்" என்றார். உடை பற்றிய கேள்விக்கு வந்தபோது அம்மா, குளிருக்காக அல்ல, கையை மறைக்கவே வெயிலிலும் ஸ்வெட்டர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் ஸ்வெட்டர் போடும் ஊரில் இத்தனை ஆண்டுகளாக அது என் கண்ணில் படவே இல்லை. மொத்தம் 14 வந்தது. பத்தைத் தாண்டினால் வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்கும் நோயாகக் கொள்ள வேண்டும் என்று மருத்துவர் விளக்கி, அதற்கேற்பச் சிகிச்சையை முடிவு செய்தார். களிம்பைக் குத்துமதிப்பாகப் பூசச் சொல்லவில்லை. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு அளவுக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும் என்று அம்மாவின் விரலிலேயே பிதுக்கிக் காட்டினார்.

குறைகளும் உண்டு. முதல் முறை சன்னல் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படத்தை, மேகம் இறங்கி அறையே இருண்டிருந்த நாளில் டியூப் லைட்டில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டார்கள். வெளிச்சம் மாறினால் சிவப்பும் மாறித்தான் தெரியும். அன்று மதிப்பெண் இட்டவரும் வேறொரு மருத்துவர். அளவீடு கண்ணை நம்பியிருப்பதால் ஒரே கண் தொடர்ந்து பார்ப்பது அவசியம் என்று நான் சொன்னதை ஏற்று, அடுத்த முறை முதல் மருத்துவரையே வரவழைத்தார்கள். காத்திருக்கும் நேரமும் அதிகம். இரண்டு மணி நேரம் ஆகிறது.

பன்னிரண்டாம் வாரத்தில் பி.ஏ.எஸ்.ஐ. 1.6 ஆனது. மருந்து ஆய்வுகளில் 75 சதவீதக் குறைவையே நல்ல பலனாகக் கொள்வார்கள் என்றால், அம்மாவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே குறைந்திருக்கிறது. டி.எல்.கியூ.ஐ. 14இலிருந்து 5க்கு இறங்கியது. உடைக் கேள்விக்கு மட்டும் அம்மா பழைய பதிலையே சொன்னார். மருத்துவர் மருந்தைக் கூட்டாமல், அந்தப் பதிலை அப்படியே சீட்டில் குறித்து வைத்தார்.