எஸ்.பி. ரோட்டில் ஆன்டிவைரஸ் பெட்டி வாங்கும் முன்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் புதுக் கணினி வாங்கி பில் போடும் நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஆன்டிவைரசும் சேர்த்துப் போட்டுடட்டுமா சார்?" பத்துக்கு எட்டுப் பேர் தலையாட்டிவிடுகிறார்கள். அசல் உரிமத்தோடு விண்டோஸ் 11 இருந்து, அப்டேட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தால், பெரும்பாலான வீடுகளுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. விண்டோசோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரே போதும். அதை வந்தபடியே விட்டுவிடாமல் நாலைந்து இடங்களில் கை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அல்சூரிலும் விவேக்நகரிலும் நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: பெட்டிக்குப் பணம் போகிறது, அமைப்புகளை ஒருவரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

டிஃபெண்டர் என்றாலே "அது சும்மா பேருக்கு" என்ற எண்ணம் பழைய காலத்து மிச்சம். 2009-இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்த மென்பொருள்தான் 2012-இல் விண்டோஸ் 8-ஓடு உள்ளேயே வந்தது. ஆரம்பத்தில் சோதனைக்கூடங்களில் கடைசி வரிசையில்தான் நின்றது. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் மாக்டெபர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட் கூடம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் ஆறு ஆறு மதிப்பெண் தருகிறது. டிஃபெண்டர் பல சுற்றுகளில் 18-க்கு 18 வாங்கியிருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. அதன் பலத்தில் பாதி மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் இருப்பதால், நெட் இல்லாத நேரத்தில் கண்டுபிடிக்கும் திறன் தெளிவாகவே குறைகிறது. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் இல்லாத, பழைய ஹார்ட் டிஸ்க் கணினியில் ஸ்கேன் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நிற்கும். அதற்கு வேறு ஆன்டிவைரஸ் வாங்குவது தீர்வல்ல. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள். வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷனில் மேனேஜ் செட்டிங்ஸுக்குப் போங்கள். ரியல் டைம், கிளவுட், சாம்பிள் அனுப்புவது, டேம்பர் புரொடெக்‌ஷன் நான்கும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இந்த அமைப்புகளை வேறு புரோகிராம் மாற்றாமல் காப்பது டேம்பர். அது ஆஃப் ஆகியிருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு புரோகிராம், அதை அணைத்திருக்கிறது என்று பொருள். காரணம் தெரியாமல் விடாதீர்கள். அடுத்து ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் பகுதியில் இரண்டு டிக்குகளும் இருக்கின்றனவா பாருங்கள். இலவச பிடிஎஃப் மாற்றியோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், "உங்கள் கணினியில் 1,482 பிழைகள்" என்று பயமுறுத்தும் கிளீனர், இவையெல்லாம் இந்த இடத்தில்தான் மாட்டும்.

மேனேஜ் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அங்கே எழுதியிருக்கும் ஃபோல்டர்களை டிஃபெண்டர் தொடவே தொடாது. சாதாரண வீட்டுக் கணினியில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லையென்றால், பெரும்பாலும் திருட்டு விண்டோசையோ ஆபிசையோ ஆக்டிவேட் செய்யும் கருவி விட்டுப்போன தடம் அது. அந்தக் கருவி ஓடுவதற்கு முன் ஆன்டிவைரசை அணைக்கச் சொல்லும், பிறகு தன் ஃபோல்டரை இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். சில சமயம் மொத்த சி டிரைவையே சேர்த்துவிடும். அந்த நிலையில் மேலே பச்சை டிக் அப்படியே இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. கணினி வாங்கும்போது விண்டோஸ் உரிமத்துக்குத் தனி பில் கேளுங்கள். "எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்று கடையில் சொன்னால், வீட்டுக்கு வந்ததும் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இதுதான்.

கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ் என்ற வசதி ஆஃப் நிலையில்தான் வரும். இதை ஆன் செய்தால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் முன்பின் தெரியாத புரோகிராம் எதுவும் எழுத முடியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு வீட்டில் இருக்கும் நல்ல தடுப்பு இது. சிக்பேட் வியாபாரக் கணக்கை வீட்டில் எழுதுபவர்கள், டேலியின் தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று டேலிக்குள்ளேயே பார்த்து, அந்த ஃபோல்டரையும் இந்த வசதி பாதுகாக்கும் ஃபோல்டர்களின் பட்டியலில் (எக்ஸ்க்ளூஷன்ஸில் அல்ல) கையால் சேர்க்க வேண்டும், தானாகச் சேராது. ஒரு தொல்லையும் உண்டு. கல்யாணப் பத்திரிகை டிடிபி செய்யும் பழைய பேஜ்மேக்கர் மாதிரியான புரோகிராம், டாக்குமென்ட்ஸில் சேவ் செய்யப் போனால் "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று சம்பந்தமில்லாத பிழையைக் காட்டலாம். கோப்பு தொலையவில்லை, எழுதத்தான் அனுமதி கிடைக்கவில்லை. புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் தடுக்கப்பட்ட புரோகிராமின் பெயர் இருக்கும். அங்கேயே அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒரு நகல் எடுத்து, எடுத்ததும் ஒயரைக் கழற்றி வைப்பதும் அவசியம். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அப்படியானால் காசு கொடுத்து யார்தான் வாங்குவது? பிள்ளைகளின் கணினி நேரத்தையும் தளங்களையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த நினைப்பவர்கள் வாங்கலாம். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா, சிக்கல் வந்தால் ஃபோனில் கேட்க ஒரு உதவி எண் வேண்டும் என்றாலும் வாங்கலாம். தினமும் பல பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்கும் கணினிக்கும், நெட் சரியாக இல்லாத கணினிக்கும் பொருந்தும்.

நம் நாட்டுத் தயாரிப்பில் இரண்டு முக்கியமானவை. கே7 சென்னையில் 1991-இல் தொடங்கியது. கணினியை அதிகம் இழுக்காது, 4 ஜிபி ராம் உள்ள பழைய இயந்திரத்துக்கு ஏற்றது. நல்ல புரோகிராமை வைரஸ் என்று சொல்லும் தவறு மட்டும் சற்று அதிகம். புனேயின் குயிக் ஹீல் எந்தக் கடையிலும் கிடைக்கும், பென் டிரைவ் விஷயத்தில் கறாராக இருக்கும், ஆனால் பழைய கணினியில் கனமாகத் தெரியும். வெளிநாட்டில் ஸ்லோவாக்கியாவின் ஈசெட் சத்தமில்லாமல் வேலை செய்யும். வேகம், தவறான எச்சரிக்கை இரண்டிலும் என் முதல் தேர்வு அதுதான். ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் கண்டுபிடிப்பதில் கெட்டி. காஸ்பர்ஸ்கியின் தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் அமெரிக்கா 2024 ஜூனில் அதன் விற்பனைக்குத் தடை அறிவித்து, செப்டம்பர் 29-ஓடு அங்கே அப்டேட்டையும் நிறுத்த வைத்தது. அலுவலக லேப்டாப்பை வீட்டில் வைத்து அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்க்கும் ஒயிட்ஃபீல்டு ஆட்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. இலவச அவாஸ்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயனர்கள் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற தகவலை விற்றதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் அந்த நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஏவிஜியை அவாஸ்ட் 2016-இலேயே வாங்கிவிட்டது. நார்ட்டன், அவிரா, அவாஸ்ட் எல்லாம் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே குடையின் கீழ்.

பெட்டி வாங்குவதென்றால், மேலே அச்சடித்த எம்ஆர்பியைப் பார்த்து மலைக்க வேண்டாம். தெரு விலை அதைவிட நன்றாகவே குறைவு, இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். பெட்டியில் "ரினியூவல்" என்று இருந்தால் அது ஏற்கெனவே உரிமம் உள்ளவர்களுக்கானது, புதுக் கணினியில் ஏறாது. விலை குறைவாக இருக்கிறதே என்று இதை வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய. எத்தனை கணினிக்கு, எத்தனை வருடத்துக்கு என்று படித்துப் பாருங்கள், சுரண்டும் பட்டை முழுசாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கீயின் படம் மட்டும் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம். அதே கீ இன்னும் நாலு பேருக்குப் போயிருக்கலாம். உள்ளே இருக்கும் சிடியை விட்டுவிட்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்குங்கள். உரிம நாள்கள் பொதுவாக ஆக்டிவேட் செய்த அன்றிலிருந்துதான் ஓடும். கணினியை ஃபார்மேட் அடிப்பதற்கு முன் பழைய உரிமத்தை டீஆக்டிவேட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி ஏற்றும்போது "ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று கீ அடம்பிடிக்கும்.

ஆன்லைனில் கார்டு கொடுத்து வாங்கினால் முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டாம் வருடம் முழு விலை தானாகக் கழியும். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை, 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு மட்டும் வரும். அந்த எஸ்எம்எஸ்ஸைத் தவறவிட்டால் பணம் போய்விடும். வாங்கிய அன்றே கணக்கில் நுழைந்து ஆட்டோ ரினியூவலை அணைத்துவிட்டு, அடுத்த வருடம் கடையில் புதுக் கீ விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புது லேப்டாப்போடு வரும் டிரயல் ஆன்டிவைரஸ் தனிப் பிரச்சினை. அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். டிரயல் முடிந்த பிறகும் சில கணினிகளில் அது இடத்தைப் பிடித்துக்கொண்டு புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும். வாங்க உத்தேசம் இல்லையென்றால் முதல் நாளே நீக்குங்கள். சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தும் டிஃபெண்டர் எழவில்லையென்றால், அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அதன் தளத்திலிருந்து இறக்கி ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸை ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுக்கும், கணினி உறைந்துபோகும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவை மாட்டினால், உள்ளே கோப்புகளுக்குப் பதில் டிரைவின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட் இருக்கும், அளவு 1 அல்லது 2 கேபி. அதை இருமுறை கிளிக் செய்தால் உங்கள் கோப்புகள் திறக்கும், கூடவே வைரசும் ஓடும். ஆன்டிவைரஸ் அந்த ஷார்ட்கட்டை நீக்கியதும் டிரைவ் காலியாகத் தெரியும். "ஆன்டிவைரஸ் என் கோப்பை அழித்துவிட்டது" என்று பலர் பதறுவது இதனால்தான். கோப்புகள் எங்கும் போகவில்லை. வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸை ஆன் செய்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்தால், பெரும்பாலும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். உங்கள் ஆவணங்கள் அதற்குள் இருக்கும். தேவையானவற்றை மட்டும் நகலெடுத்துக்கொண்டு டிரைவை ஃபார்மேட் அடித்துவிடுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு எந்த ஆன்டிவைரசும் முழுத் தீர்வல்ல. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான பொது ஆதரவு நின்றது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும், ஆனால் விண்டோசில் இருக்கும் ஓட்டைகளை அது அடைக்காது. வங்கி வேலைக்கு அந்தக் கணினியைப் பயன்படுத்த வேண்டாம். அதேபோல, ஆன்டிவைரஸ் காலாவதி என்று திரையின் மூலையில் அடிக்கடி வரும் அறிவிப்பு பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்குக் குரோமில் கொடுத்த அனுமதியால் வருவது. சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அதில் உள்ள எண்ணுக்கு ஃபோன் செய்து கணினியைத் தூரத்திலிருந்து இயக்க விடும் எனிடெஸ்க்கைத் திறந்துவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

எல்லாம் அமைத்து முடித்ததும் ஒரு சோதனை. ஐகார் என்ற அமைப்பின் தளத்தில் 68 எழுத்துகள் கொண்ட சோதனைக் கோப்பு கிடைக்கும். தீங்கு எதுவும் செய்யாது. ஆனால் ஒவ்வொரு ஆன்டிவைரசும் அதை வைரஸ் என்றே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறக்கிய உடனே அது மறைந்து, புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் பெயர் விழுந்தால் பாதுகாப்பு உயிரோடு இருக்கிறது. கோப்பு அப்படியே உட்கார்ந்திருந்தால் எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள்.