சார்ல்ஸ்டனா, சவானாவா? இருவராகக் கிளம்பும் கார் பயணத்துக்கு எந்த ஊரில் தங்கலாம்

அமெரிக்காவின் தென்பகுதியில் பழைய ஊர்களைக் காரில் சுற்றலாம் என்று கிளம்பும் தம்பதிக்கு முதலில் வரும் குழப்பம் இதுதான். கையில் இருப்பது நாலைந்து நாள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் தங்குவதா, ஜார்ஜியாவின் சவானாவில் தங்குவதா? நடுவில் இரண்டு மணி நேர ஓட்டம்தான் என்பதால் இரண்டையும் பார்த்துவிடலாம். ஆனால் எந்த ஊரில் அதிக நாள் இருக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பயணமே மாறிவிடும். என் கணவர் சார்ல்ஸ்டன் கட்சி, நான் சவானா கட்சி. இரண்டு பக்க நியாயத்தையும் சொல்கிறேன்.

சார்ல்ஸ்டன்தான் மூத்தது, 1670-இல் உருவானது. பழைய வீடுகளைக் காப்பாற்ற 1931-லேயே தனிச் சட்டம் போட்ட ஊர். அங்குள்ள வீட்டமைப்பை வேறெங்கும் இவ்வளவு பார்க்க முடியாது. வீடு தெருவுக்குத் தன் குறுகிய பக்கத்தைத்தான் காட்டும். ஓர் அறை அகலம், நீளவாக்கில் உள்ளே போகும். தெருவில் இருக்கும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டோம், பக்கவாட்டில் ஓடும் நீண்ட வராந்தாவில் நிற்போம். சுவர்களில் ஆங்காங்கே வட்டமாக இரும்புத் தகடுகள் தெரியும். 1886 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவரோடு சுவரை இழுத்துப் பிடிக்கப் போட்ட கம்பிகளின் முனைகள் அவை. கட்டடம் பார்க்கப் பிடித்தவர்களுக்கு ஒரு நாள் போதாது.

ஆனால் அந்த அழகில் பெரும்பகுதி இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தோட்டம் அவர்களுடையது, நாம் நடைபாதையில் நின்று எட்டிப் பார்க்கிறோம். சவானாவில் அப்படி இல்லை. 1733-இல் ஓகல்தார்ப் ஊரை அமைக்கும்போதே சதுக்கங்களை வைத்துத்தான் திட்டம் போட்டார். காலப்போக்கில் 24 ஆன அந்தச் சதுக்கங்களில் இன்னும் 22 இருக்கின்றன. நாலு எட்டு வைத்தால் ஒரு சதுக்கம், ஓக் மர நிழல், கிளைகளிலிருந்து தொங்கும் சாம்பல் நிறப் பாசி, உட்கார பெஞ்சு. டிக்கெட் கிடையாது, நேரக் கட்டுப்பாடு கிடையாது. கையில் காபியோடு இருவர் பேசிக்கொண்டே நடக்க இதைவிட நல்ல ஊரை நான் பார்த்ததில்லை. சார்ல்ஸ்டனில் எல்லாவற்றுக்கும் முன்பதிவு தேவைப்படுகிறது; திட்டமே இல்லாமலும் சவானா நம்மை ஏற்றுக்கொள்கிறது.

இந்த ஊர் தப்பிப் பிழைத்ததற்கும் ஒரு கதை உண்டு. உள்நாட்டுப் போரில், 1864 டிசம்பரில் வடக்குத் தரப்புத் தளபதி ஷெர்மனின் படை வந்தபோது ஊர் சண்டையில்லாமல் சரணடைந்தது. அவரும் கொளுத்தாமல், லிங்கனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு என்று தந்தி அடித்தார். ஆனால் பழைய சந்தைக் கட்டடத்தை 1954-இல் வாகன நிறுத்தம் கட்டுவதற்காக இடித்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் ஏழு பெண்கள் சேர்ந்து, மற்றக் கட்டடங்களைக் காப்பாற்ற அமைப்பு தொடங்கினார்கள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இங்கே என் கணவர் சொல்வதுதான் சரி. இரண்டு ஊரின் செல்வமும் அடிமைகளின் உழைப்பில் வந்தது. அதை நேருக்கு நேர் சொல்வதில் இன்று சார்ல்ஸ்டன் முன்னால் நிற்கிறது. கப்பலில் கொண்டுவந்தவர்களை இறக்கிய காட்ஸ்டன் துறையிலேயே 2023-இல் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தார்கள். அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். மாளிகையும் பூந்தோட்டமும் காட்டும் பண்ணைகள் சுற்றிலும் பல உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மெக்லாய்டு போங்கள். அங்கே பேச்சு முதலாளியைப் பற்றியது அல்ல, குடிசைகளில் வாழ்ந்தவர்களைப் பற்றியது. ஊருக்குள்ளும் பழைய செங்கல் சுவர்களை உற்றுப் பார்த்தால் சில கற்களில் விரல் பதிந்த பள்ளம் தெரியும். ஈரம் காயுமுன் கல்லைத் தூக்கிய அடிமைகளின் விரல்கள் அவை.

சவானாவில் இதற்கு ஈடாகச் சொல்ல வேண்டியது ஓவன்ஸ்–தாமஸ் வீடு. 1819-இல் கட்டி முடித்த பகட்டான வீடு. பின்னால் இருக்கும் அடிமைகள் குடியிருப்பைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். அங்கே கூரையின் உட்புறத்தில் பழைய நீலப் பூச்சு திட்டுத் திட்டாக இன்னும் இருக்கிறது. கெட்ட ஆவி அண்டாது என்ற நம்பிக்கையில் பூசியது.

சாப்பாட்டில் போட்டியே இல்லை, சார்ல்ஸ்டன்தான். இறாலும் சோள ரவையும் சேர்ந்த 'ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்' அங்கே சாப்பிட வேண்டும். 'ரெட் ரைஸ்' பார்க்கத் தக்காளிச் சாதம் போலவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் செய்தது. கீரையிலும் அதே கதை. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். அறை வாடகை பொதுவாகச் சவானாவில் குறைவு.

புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினையும் சிலர் சேர்க்கிறார்கள். 1565-இல் ஸ்பானியர் அமைத்த ஊர், சிப்பிக்கல்லால் கட்டிய கோட்டை நிஜமாகவே பிரமாதம். ஆனால் சவானாவிலிருந்து மூன்று மணி நேரம் இன்னும் தெற்கே. ஆறாவது நாள் இருந்தால் போகலாம்.

என் முடிவு: முதலில் சார்ல்ஸ்டனில் இரண்டு இரவு, அப்புறம் சவானாவில் மூன்று. போகும் வழியில் பியூஃபர்ட்டில் நிறுத்துங்கள். ராபர்ட் ஸ்மால்ஸ் பிறந்த ஊர் அது. அடிமையாக இருந்த அவர் 1862-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தெற்குப் படையின் கப்பலையே ஓட்டிக்கொண்டு, மனைவி மக்களோடு தப்பினார். பிறகு தன் பழைய எஜமானனின் வீட்டையே விலைக்கு வாங்கினார், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். வீடு இன்றும் நிற்கிறது, வெளியிலிருந்து பார்க்கலாம்.

மார்ச் கடைசி, ஏப்ரலில் அசேலியா பூத்திருக்கும், வெயிலும் தாங்கும். மார்ச் 17-ஐ ஒட்டி மட்டும் சவானா வேண்டாம். செயின்ட் பேட்ரிக் நாள் என்ற ஐரிஷ் திருவிழாக் கூட்டத்தில் அறை கிடைப்பதே பெரும்பாடு.